வழக்கின் உண்மை காஞ்சிபுரத்தோடு முடிகிறது

வரப்புத் தகராறு முற்றும்போது உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களில் எழும் சூளுரை ஒன்று உண்டு: “ஐகோர்ட் வரைக்கும் போய்ப் பார்த்துவிடுகிறேன்.” அதற்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கீழே எப்படித் தீர்ப்பு வந்தாலும் மேலே இருப்பவர்கள் வழக்கை முதலிலிருந்து புரட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் உண்மை வெளிவந்தே தீரும் என்கிற நம்பிக்கை. நம் சிவில் சட்டம் அப்படி அமைக்கப்படவில்லை. வரப்பு எங்கே இருந்தது, வாய்க்காலை யார் அடைத்தார்கள், உயிலில் இருப்பது தாத்தாவின் கைநாட்டுத்தானா என்பவையெல்லாம் நடந்தது என்ன என்பது பற்றிய கேள்விகள். முன்சீப் கோர்ட்டில் தொடங்கும் ஒரு வழக்கில் இக்கேள்விகளுக்குக் கடைசி விடை சொல்லும் இடம் சென்னை உயர் நீதிமன்றம் அல்ல. அது காஞ்சிபுரத்தில் இருக்கும் சார்பு நீதிமன்றம், அதாவது ஜனங்கள் வாயில் வழங்கும் சப் கோர்ட். அல்லது மாவட்ட நீதிமன்றம். பத்திரிகைகளில் பேர் அடிபடாத, இடைப்பட்ட இந்த மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் கிராமத்து வழக்காடிக்கு நாட்டிலேயே முக்கியமான நீதிமன்றம் என்பது என் வாதம். அதற்கு நாம் தரும் கவனமோ மிகக் குறைவு.

வழக்கு நடக்கும் பாதையை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறார் ஒருவர். மேல்மடைக்காரர் தம் நிலத்தின் ஓரமாக வந்த கழனிக் கால்வாயை உழுது தூர்த்துவிட்டார். கீழ்மடைக்காரரின் பாட்டன் காலத்துக் கிரையப் பத்திரத்தில் மாமூல் மடைப்பாய்ச்சல் பாத்தியம் எழுதப்பட்டிருக்கிறது. உத்திரமேரூர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். நீதிமன்றம் ஒரு வழக்குரைஞரை ஆணையராக நியமிக்கிறது. அவர் சர்வேயரோடு, புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லைக் கல்லைத் தேடி, அங்கிருந்து சங்கிலி பிடித்து அளந்து ஓர் அறிக்கை தருகிறார். அந்த அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: வடக்கு வரப்பை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் தரை தாழ்ந்து, மற்ற இடத்தில் இல்லாத கோரைப்புல் வரிசையாக முளைத்திருக்கிறது. நீர் ஓடிய தடம் அது. விசாரணை நீதிமன்றம் வாய்மொழிச் சாட்சிகளின் முரண்பாட்டிலேயே நின்றுவிட்டு, அந்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வழக்கைத் தள்ளுபடி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோற்றவருக்கு இப்போது என்ன வழி?

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96-ஆம் பிரிவு அவருக்கு முதல் மேல்முறையீட்டைத் தருகிறது. முன்சீப் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. அதைச் சார்பு நீதிமன்றம் விசாரிக்கவும் சட்டம் இடம் தருவதால் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன. கீழேயிருந்து வழக்குக் கட்டு அப்படியே வந்து சேர்கிறது. பிராது, எதிருரை, சாட்சியம், பத்திரங்கள், ஆணையர் அறிக்கை எல்லாம் மறுபடி மேசைக்கு வருகின்றன. முதல் மேல்முறையீடு என்பது வழக்காடியின் மதிப்புமிக்க உரிமை என்றும், நடந்தவை குறித்தும் சட்டம் குறித்தும் வழக்கு முழுவதும் அங்கே மறுவிசாரணைக்குத் திறந்திருக்கிறது என்றும் உச்ச நீதிமன்றம் 2001-இல் சந்தோஷ் ஹஜாரி வழக்கில் தெளிவாகச் சொன்னது. தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே வகுத்திருக்கிறது. கட்டளை 41, விதி 31-இன்படி, முடிவு செய்ய வேண்டிய கேள்விகள் எவை, அவற்றின் மீது முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன, கீழ்க்கோர்ட் தீர்ப்பை மாற்றினால் மேல்முறையீடு செய்தவருக்குக் கிடைக்கும் பரிகாரம் என்ன என்று நீதிபதி எழுதியாக வேண்டும். அந்த மூன்றாம் பக்கத்து வரியை இன்னொரு ஜோடிக் கண்கள் படிக்கும் என்பதற்கு இதுதான் உத்தரவாதம்.

காஞ்சிபுரத்திலும் தோற்றால் இரண்டாம் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே வாசல் மிகக் குறுகியது. 1890-லேயே பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது: நடந்தது என்ன என்பது பற்றிய முடிவு எவ்வளவு பெரிய பிழையாகத் தோன்றினாலும் அதற்காக மட்டும் இரண்டாம் மேல்முறையீட்டில் தலையிட அதிகாரம் இல்லை. சட்ட ஆணையம் 1973-இல் தந்த 54-ஆவது அறிக்கையை அடுத்து, 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் 100-ஆம் பிரிவை இன்னும் இறுக்கியது. முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் உயர் நீதிமன்றம் இரண்டாம் மேல்முறையீட்டை ஏற்கலாம். அந்தக் கேள்வியை முதலிலேயே எழுதியும் வைக்க வேண்டும். ஆதாரமே இல்லாமல் முடிவுக்கு வந்திருந்தாலோ, முக்கியமான ஆதாரம் ஒன்றை அறவே பார்க்காமல் விட்டிருந்தாலோ அதுவே சட்டக் கேள்வி ஆகிவிடும் என்பது உண்மை. ஆனால் சப் கோர்ட் நீதிபதி அந்த வரியைப் படித்து, கோரைப்புல் மழைநீர் தேங்கியும் முளைக்கலாம் என்று எழுதிவிட்டால், அவருடைய கணிப்பு தவறே என்றாலும் உயர் நீதிமன்றம் அதன் மேல் தன் கணிப்பை ஏற்றி வைக்காது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சென்னைக்கு. அவ்வளவு தூரமும் செலவும் தாண்டிப் போகிறவர்களில் பலர், தாங்கள் கேட்க வந்த கேள்வியைக் கேட்கவே முடியாத இடத்துக்கு வந்து நிற்கிறார்கள்.

இடைப்பட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் என்பது நம் ஊருக்குப் புதியதல்ல. அதன் கதை 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கம்பெனி அரசு 1802-இல் சென்னை மாகாணத்துக்கு நீதிமன்றச் சட்டங்கள் இயற்றியபோது, கீழே ஜில்லா கோர்ட்டுகளையும் மேலே சென்னையில் சதர் அதாலத்தையும் வைத்து, நடுவில் நான்கு மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றங்களை நிறுவியது. வடக்குப் பிரிவுக்கு மசூலிப்பட்டினம், மத்தியப் பிரிவுக்குச் சித்தூர், தெற்குக்குத் திருச்சிராப்பள்ளி, மேற்குக்குத் தலச்சேரி. சிவில் மேல்முறையீடுகளைக் கேட்பதோடு, அதே நீதிபதிகள் சுற்றி வந்து குற்ற வழக்குகளையும் விசாரிக்க வேண்டும். அகன்ற நிலப்பரப்பு, அந்நிய மொழி, இரட்டை வேலை: இவை மூன்றும் சேர்ந்தால் மேல்முறையீடு வசதியுள்ளவர்களின் ஆயுதமாகத்தான் இருக்க முடியும். தாமஸ் மன்றோவின் முயற்சியில் வந்த 1816-ஆம் ஆண்டுச் சட்டங்கள் கிராம முன்சீப், பஞ்சாயத்து, ஜில்லா முன்சீப் என்று நீதியைக் கீழே இறக்கப் பார்த்தன. கிராம முன்சீப் 10 ரூபாய் வரையிலான சிறு வழக்குகளை விசாரிக்கலாம். பஞ்சாயத்து எதிர்பார்த்த அளவு ஓடவில்லை; ஜில்லா முன்சீப்பைத்தான் மக்கள் நாடினார்கள். 1843-இல் அந்த நான்கு மாகாண நீதிமன்றங்களும் கலைக்கப்பட்டன. 1862-இல் உயர் நீதிமன்றம் வந்தது. 1873-ஆம் ஆண்டு சென்னை சிவில் நீதிமன்றங்கள் சட்டம் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட முன்சீப் என்ற மூன்று படிகளையும் அவற்றுக்குள் மேல்முறையீட்டின் போக்கையும் ஒழுங்கு செய்தது. இன்றும் நாம் நிற்பது அந்தப் படிக்கட்டில்தான்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, மேல்முறையீட்டை மக்களுக்கு அருகில் கொண்டுவர வேண்டிய தேவை திரும்பத் திரும்ப எழுந்தது என்பதே. நான்கு ஊர்களில் இருந்தது மாவட்டத்துக்கு இறங்கியது. மாவட்டத்திலிருந்து சார்பு நீதிமன்றத்துக்கு இறங்கியது. காஞ்சிபுரம் 1997-லேயே மாவட்டத் தலைநகராகிவிட்டாலும், மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் வெகுகாலம் செங்கல்பட்டிலேயே இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகுதான் நிலைமை மாறியது. ஆட்சியர் ஓரூரிலும் ஜில்லா ஜட்ஜ் இன்னோரூரிலும் இருந்த அந்த ஆண்டுகளில், நிலவழக்குக்காரர் வருவாய்த்துறை நகலுக்கு ஒரு பஸ்ஸும் கோர்ட்டுக்கு இன்னொரு பஸ்ஸும் பிடிக்க வேண்டியிருந்தது.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள். முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. முப்பது குடும்புகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், வயது 35-க்கு மேல் 70-க்குள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அதிகம் பேசப்படாத ஒன்று, அங்கே ஏன் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன என்பது. முதல் கல்வெட்டில் ஊர்ச் சபை எழுதிய வாரியத் தேர்வு விதிகளை அதே சபை இரண்டே ஆண்டுகளில் மறுபடி எடுத்து, திருத்தி, இன்னும் விரிவாக எழுதியது. கல்லில் வெட்டிவிட்டோம் என்பதற்காகத் தவறை விட்டுவைக்கவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்று எழுதியதிலும் இதே எண்ணம் தெரிகிறது: தவறு செய்தவரின் கையில், அவருடைய வீட்டுக்காரர் கையில், அதைச் சரிபார்க்கும் பொறுப்பைத் தரக்கூடாது. அந்தச் சபை பிராமணர்களின் சபை. நிலம் உள்ள ஆண்களின் சபை. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. அதை மறைத்துவிட்டு அதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாடுவது சரியல்ல. ஆனால் எழுதிய முடிவை மறுபடி பார்க்கலாம், பார்ப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறியிருக்கின்றன.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது இது: சாட்சியை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. சாட்சி தடுமாறியதை, வியர்த்ததை, வக்கீலைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னதை அவர் கண்டார். காகிதத்தை மட்டும் படிக்கும் மேல்முறையீட்டு நீதிபதிக்கு அது தெரியாது. எனவே நடந்தவை பற்றிய முடிவை முதல் நீதிமன்றத்தோடு நிறுத்துவதே சரி. ஒரு காலத்தில் இதற்குப் பெரிய மதிப்பு இருந்தது. இன்றும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் விசாரணை நீதிபதியின் கணிப்புக்கு உரிய இடம் தரத்தான் செய்கின்றன. ஆனால் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் விசாரணைச் சாட்சியம் பிரமாண வாக்குமூலமாக, அதாவது வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சான காகிதமாக வருகிறது. குறுக்கு விசாரணையையும் ஆணையர் முன் நடத்தச் சட்டம் இடம் தருகிறது. அதோடு, ஒரு நீதிபதி சாட்சியம் பதிவு செய்து மாறுதலாகிப் போய்விட்டால், அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து தீர்ப்பு எழுதலாம். கட்டளை 18, விதி 15 அதை அனுமதிக்கிறது. வருடக்கணக்கில் நடக்கும் நிலவழக்கில் சாட்சி சொன்னதைக் கேட்டவர் ஒருவர், தீர்ப்பு எழுதியவர் இன்னொருவர் என்பது சாதாரணம். அப்போது விசாரணை நீதிபதியும் காகிதத்தைத்தான் படித்தார். மேலும் நம் பக்கத்து நிலவழக்குகள் முகபாவத்தில் தீர்வதில்லை. கிரையப் பத்திரம், அ-பதிவேடு, அடங்கல், புல வரைபடம், ஆணையர் அறிக்கை ஆகியவற்றில்தான் தீர்கின்றன. அவற்றைக் காஞ்சிபுரத்து நீதிபதியும் அதே தெளிவோடு படிக்க முடியும்.

தாமதம் என்பது அடுத்த மறுப்பு. ஒரு வழக்குக்கு மூன்று படி இருந்தால் மூன்று தலைமுறை ஆகாதா? நியாயமான கவலை, நிலவழக்கில் தாமதத்தால் லாபம் அடைபவர் எப்போதும் அனுபோகத்தில் இருப்பவரே. ஆனால் மேல்முறையீடு செய்ததாலேயே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடுவதில்லை. தடையாணை தனியாகக் கேட்டு, தகுந்த காரணம் காட்டி வாங்க வேண்டும். தாமதத்தின் பெரிய ஊற்று வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கை முழுதாகப் படித்து முடிவு சொல்லாமல் மறுபடி முன்சீப் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பும் பழக்கம் அது. ஆதாரம் போதுமான அளவு கட்டிலேயே இருந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றமே முடித்துவிடலாம் என்று கட்டளை 41, விதி 24 சொல்கிறது. கூடுதல் ஆவணம் தேவையென்றால் தானே அதை ஏற்கவும் விதி 27-இன்படி சில சூழ்நிலைகளில் வழி உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட வழக்கு மீண்டும் சாட்சி, மீண்டும் தீர்ப்பு, மீண்டும் மேல்முறையீடு என்று முழுச் சுற்று வரும். விதி 31 கேட்கும் விதத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டால் சென்னைக்குப் போக ஆதாரமான சட்டக் கேள்வி எழுவதே அரிதாகும். நடுப்படியை வலுவாக்குவதுதான் வழக்கைச் சுருக்கும் வழி. அந்தப் படியை எடுத்துவிட்டால் ஒரு மனிதரின் ஒரு நாள் கவனக்குறைவு ஒரு குடும்பத்தின் நிலத்தை முடிவு செய்துவிடும்.

மொழியைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமையலாம் என்று ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் வழி செய்யப்பட்டது. உயர் நீதிமன்ற நடவடிக்கை அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவின்படி ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழையும் சேர்க்க வேண்டும் என்று சட்டப்பேரவை 2006-இல் நிறைவேற்றிய தீர்மானம் இன்னும் பலிக்கவில்லை. எனவே வழக்காடியின் மொழியில் வழக்கைப் படிக்கும் கடைசி நீதிமன்றமும் இந்த நடுப்படிதான். இது வெறும் பெருமைப் பிரச்சினை அல்ல. பத்திரத்தில் ‘வழிநடை’ என்றிருப்பதும் ‘வண்டிப்பாதை’ என்றிருப்பதும் வேறு. முன்னதில் ஆள் போகலாம், பின்னதில் மாட்டுவண்டியும் இன்று டிராக்டரும் போகலாம். ‘அனுபோகம்’ என்பதும் ‘பாத்தியம்’ என்பதும் வேறு. ‘மடை’ என்று சாட்சி சொன்னது ஏரி மதகையா, வரப்பு வாய்மடையையா என்பது கழனி தெரிந்தவருக்குச் சூழலில் புரியும். ஆங்கிலத்தில் பெயர்த்துத் தட்டச்சிட்ட கட்டில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடக்கூடும். கால்வாய்த் தடத்தைச் சொன்ன அந்த மூன்றாம் பக்கத்து வரியும், ‘கோரைப்புல்’ என்ற சொல்லும், எடைபோடப்பட வேண்டிய இடம் தமிழ் நடமாடும் நீதிமன்றம்தான்.

கடல் கடந்து இலங்கையிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கே 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நிறுவியது. 1987-இல் 13-ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களை உண்டாக்கியது. 2006-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றங்களின் குடியியல் தீர்ப்புகள் மீதான மேன்முறையீட்டை அந்த மாகாண நீதிமன்றங்களுக்கே கொடுத்தது. யாழ்ப்பாணத்துக் காணி வழக்கு மேன்முறையீட்டுக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை என்றானது. 1802-இல் சென்னை மாகாணத்தில் நான்கு ஊர்களில் அரைகுறையாகத் தொடங்கிய எண்ணத்தை அவர்கள் இந்த நூற்றாண்டில் மீண்டும் கண்டடைந்திருக்கிறார்கள். நமக்கு அந்த அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. கட்டடமும் படியும் இருக்கின்றன. நீதிபதி இடங்கள் காலியாகக் கிடக்காமல், ஒரு கட்டை முழுதாகப் படிக்கும் நேரம் அவருக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் மீதி.

குற்ற வழக்குப் பக்கமும் இதே கதைதான். குற்றவியல் நடுவர் தண்டித்தால் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு; ஆதாரங்களை மறுபடி முழுதாக எடைபோடும் இடம் அதுவே. அதற்கு மேலே போகும் சீராய்வில் வாசல் குறுகிவிடுகிறது.

சட்டத்தில் ஓர் ஏற்றத்தாழ்வை மட்டும் மாற்றியாக வேண்டும் என்று நினைக்கிறேன். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 116-ஆம் இனப்படி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 90 நாள். மற்ற நீதிமன்றத்துக்குச் செய்ய 30 நாள். பெரிய சொத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றவருக்கு மூன்று மாதம். உத்திரமேரூர் முன்சீப் கோர்ட்டில் கால்வாய்க்காகத் தோற்றவருக்கு ஒரு மாதம். இவருக்கு வக்கீல் கட்டணம் புரட்ட வேண்டும். முதல் நீதிமன்றத்தில் கட்டியது போலவே மேல்முறையீட்டிலும் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். அறுவடை நேரமாக இருந்தால் வீட்டில் கையில் காசு வர இன்னும் சில வாரம் ஆகும். 10,000 ரூபாய்க்கு உட்பட்ட சிறு வழக்குகளிலோ, 96-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சட்டக் கேள்விக்கு மட்டும்தான் மேல்முறையீட்டை அனுமதிக்கிறது. தொகை சிறியதாக இருக்கலாம். தோற்றவர் வீட்டில் அது சிறியதல்ல.

அந்தச் சட்டம் மாறும் வரை கையில் இருக்கும் வழிகளை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் நாள் வரையிலான காலம் அந்த 30 நாளில் சேராது என்று காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மனுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள் சேரும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் உள்ளிட்டோர் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்குரைஞர் பெறலாம். அந்த உதவி மேல்முறையீட்டுக்கும் உண்டு. எனவே தோற்ற அன்று மாலை பஸ் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நகல் பிரிவில் மனுவைக் கொடுத்து, அதில் தேதி முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரசீதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வது.